டேப்பைத் தொடும் முன் புலப்படத்தைப் படியுங்கள்

கேள்வி: "எனக்கு 23 வயது. செஞ்சி பக்கம் ஒரு கிராமம். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒன்றரை வருடமாக ஒரு கட்டுமானத் தளத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். அங்கே டோட்டல் ஸ்டேஷன் கொண்டுவரும் சர்வேயர் அண்ணனைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அந்த வேலைக்கே போக வேண்டும் என்று ஆசை. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. வெயிலில் அலையணும், ஊர்ச் சண்டையில் மாட்டணும், லஞ்சம் வாங்கினாள் என்று பேர் வரும், பெண்பிள்ளைக்கு எதற்கு என்கிறார். நண்பர்களோ, இனி ட்ரோனும் சேட்டிலைட்டும் அளந்துவிடும், சர்வேயரே தேவைப்படாது என்கிறார்கள். காசு கட்டி ட்ரோன் கோர்ஸ் சேரலாமா, டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கலாமா, தனியாரிலேயே போகலாமா? கணக்கில் நான் சுமார்தான்."

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் இந்த வேலைக்கு வந்து 27 வருடம் ஆகிறது. ஐ.டி.ஐ.யில் சர்வேயர் பிரிவு படித்தேன். முசிறியில் ஒரு பெரியவரிடம் செயின் பிடிக்கும் ஆளாகச் சேர்ந்தேன். அப்புறம் நெடுஞ்சாலை வேலைகள், இடையில் ஆறு வருடம் கத்தார். இப்போது திருச்சியில் சொந்தமாக, தூரமும் கோணமும் அளக்கும் ஒரு டோட்டல் ஸ்டேஷனும் உயர வித்தியாசம் அளக்கும் ஆட்டோ லெவலும் வைத்துத் தொழில் செய்கிறேன். அரசுப் பணியில் இருந்ததில்லை. ஆனால் அரசு நில அளவர்களோடு வயலில் நின்ற நாட்கள் நிறைய. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

உங்கள் நண்பர்கள் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

சில வருடம் முன்பு லால்குடி பக்கம் வாய்க்கால் ஓரத்து வயல் ஒன்றில் பங்காளித் தகராறு. வரப்பு நாலு அடி நகர்ந்துவிட்டது என்றார் ஒருவர். அப்பா காலத்திலிருந்து அதே வரப்புதான் என்றார் இன்னொருவர். எனக்கு முன்பே யாரோ ஜி.பி.எஸ். கருவி கொண்டுவந்து வரப்பின் மூலைகளை எல்லாம் எடுத்து, கலரில் அழகாக வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தார். அளவில் குறை சொல்ல முடியாது. ஆனால் தகராறே அந்த வரப்பைப் பற்றியதுதானே! இப்போது இருக்கிற வரப்பை எத்தனை துல்லியமாக அளந்தாலும், அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறதா என்பது அதில் தெரியாது.

அரசு நில அளவர் வந்த அன்று நானும் போனேன். புலப்படத்தில், அதாவது அந்தச் சர்வே எண்ணுக்கு அரசு வைத்திருக்கும் அளவு வரைபடத்தில், வடமேற்கு மூலைக் கல்லுக்கும் தென்கிழக்கு மூலைக் கல்லுக்கும் இடையே 84.6 மீட்டர். தரையில் இரண்டு இடத்திலும் கல் இருந்தது. டேப் 85.8 காட்டியது. இரண்டில் ஒரு கல் தவறு. எது என்று அந்த வயலுக்குள்ளேயே நின்றுகொண்டு சொல்ல முடியாது. பக்கத்துச் சர்வே எண்ணின் புலப்படத்தை எடுத்தோம், அதற்கு அடுத்ததையும் எடுத்தோம். அங்கே கிடைத்த மூன்று கற்கள் ஒன்றோடொன்று படத்து அளவுக்கு ஐந்து சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போயின. அந்தக் கற்களிலிருந்து கணக்குப் போட்டு வந்தால், தென்கிழக்குக் கல் இருக்க வேண்டிய இடம் வாய்க்கால் கரைக்குள் விழுந்தது. அந்த வயலில் பல வருடம் நாற்று நட்ட ஒரு பாட்டி, "தூர் வாரின மண்ணை எல்லாம் இங்கதான் கொட்டினாங்க" என்றார். கடப்பாறையால் குத்திப் பார்த்தோம். ஒன்றரை அடி ஆழத்தில் கல் தட்டியது. பழைய கல் தன் இடத்திலேயே இருந்தது. மேலே நின்றது யாரோ பிறகு நட்டது.

இந்தத் தொழிலின் உயிர் இதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பழைய எல்லை எங்கே இருந்தது என்று தேடிக் கண்டுபிடித்து, கல்லையும் பதிவையும் ஊர்க்காரர் சொல்வதையும் ஒத்துப் பார்த்து, நாளைக்கு நீதிமன்றத்தில் கேட்டாலும் ஆதாரத்தோடு சொல்லக்கூடிய ஒரு கோட்டைப் போடுவது. அளப்பது அதற்கு ஒரு உதவி. ட்ரோன் வந்தால் அளப்பது சுலபமாகும், வேகமாகும். தேடுவதை ட்ரோன் செய்யாது.

மத்திய அரசின் ஸ்வாமித்வா திட்டத்தையே பாருங்கள். கிராமக் குடியிருப்புகளை ட்ரோன் வைத்து அளக்க 2020-ல் தொடங்கியது. அதில் ட்ரோன் பறக்கும் முன்பு, ஒவ்வொரு வீட்டு எல்லையையும் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் குறிக்க வேண்டும். உரிமையாளரும் அக்கம்பக்கத்தாரும் நின்று காட்டினால்தான் கோடு போட முடியும். ட்ரோன் அந்தக் கோட்டைப் படம் எடுக்கிறது, அவ்வளவுதான். கோடு எங்கே என்று முடிவு செய்வது மனிதர்கள். நகரங்களுக்கு 2025-ல் நக்ஷா என்று ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். அதிலும் வானத்திலிருந்து எடுத்த படத்தைத் தரையில் போய்ச் சரிபார்க்க ஆள் வேண்டும்.

சேட்டிலைட் விஷயமும் அப்படித்தான். ஓரிடத்தில் நிலையாக நின்று சேட்டிலைட் சிக்னலைப் பதியும் நிலையத்துக்கு சி.ஓ.ஆர்.எஸ். என்று பெயர். அதிலிருந்து திருத்தம் வாங்கும் ரோவர் என்ற கையில் கொண்டுபோகும் கருவி, திறந்த வெளியில் சில விநாடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். அதே ரோவரைத் தென்னந்தோப்புக்குள் கொண்டுபோங்கள், மட்டைகளுக்குக் கீழே சிக்னல் கிடைக்காமல் திணறும். உயரக் கட்டடச் சுவர் ஓரத்தில், சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து இடத்தைத் தப்பாகக் காட்டும். அங்கே டோட்டல் ஸ்டேஷன்தான். முள்ளுக்காட்டில் பார்வையே போகாத இடத்தில், சில நேரம் வெறும் டேப்பும் நூல் கயிறும்தான். எந்த இடத்தில் எதை நம்பலாம் என்று தெரிந்தவருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

அதனால் ட்ரோன் கோர்ஸை இப்போது விட்டுவிடுங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி, பத்தாம் வகுப்பு தேறி 18 வயது ஆன யாரும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் சேர்ந்து ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கலாம். அந்தச் சான்றிதழ் உங்களுக்கு ட்ரோனை ஓட்டத் தெரியும் என்று சொல்லும், சர்வே தெரியும் என்று சொல்லாது. ட்ரோன் சர்வேயில் பணம் கொடுப்பது, தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை, அதாவது இடம் துல்லியமாகத் தெரிந்த புள்ளிகளை, சரியாக வைத்து, எடுத்த படங்களிலிருந்து நம்பகமான வரைபடம் செய்து தருகிறவருக்கு. அடிப்படை தெரிந்த பிறகு இதைக் கற்றுக்கொள்வது சுலபம். இரண்டு வருடம் கழித்துச் சேர்ந்தாலும் நஷ்டமில்லை.

இப்போது கற்க வேண்டியது புலப்படம். டிப்ளமோவில் சர்வே பாடம் படித்திருப்பீர்கள், ஆனால் ஒரு கிராமத்து எஃப்.எம்.பி.யை (புலப்படத்தைத்தான் அப்படிச் சொல்வோம்) வைத்து வயலில் நின்றிருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு படம் உண்டு. வயலை முக்கோணங்களாகப் பிரித்து, கல்லிலிருந்து கல்லுக்கு நேர்கோடுகள் போட்டிருப்பார்கள். வளைந்து நெளிந்து போகும் எல்லையைப் பிடிக்க, ஒரு நேர்கோட்டின் மேல் நடந்துகொண்டே இத்தனையாவது மீட்டரில் செங்குத்தாக இத்தனை மீட்டர் என்று குறித்துக்கொண்டு போவார்கள். இந்தக் கோடுகளை ஜி லைன் என்றும், ஏணிப்படி மாதிரி வரிசையாக எழுதும் அளவுகளை லேடர் என்றும் சொல்வோம். இதைத் திருப்பிச் செய்தால் எல்லை தரையில் வந்துவிடும். உறுதியான இரண்டு கல் கிடைத்தால், காணாமல் போன மூன்றாவது கல்லை இரண்டு டேப்பால் வில் போட்டு, வெட்டிக்கொள்ளும் இடத்தில் பிடிக்கலாம். வட்டமும் முக்கோணமும் பத்தாம் வகுப்பிலேயே படித்ததுதான்.

பழைய படங்களில் ஒரு எச்சரிக்கை. அவற்றில் அளவு லிங்க்ஸில் இருக்கும். 66 அடிச் சங்கிலியை 100 கண்ணிகளாகப் பிரித்தால் ஒரு கண்ணி ஒரு லிங்க், சுமார் 20.1 சென்டிமீட்டர். 412 என்று எழுதியிருந்தால் அது 82.88 மீட்டர். 1979-லிருந்து 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் பட்டாக்களைப் புதுப்பித்தபோது பழைய அளவுகள் மெட்ரிக் முறைக்கு மாறின. பெயர் மாறியது, பரப்பு மாறியது, உட்பிரிவு விட்டுப்போனது என்று இன்றைக்கும் ஊரில் "யு.டி.ஆர். தப்பு" என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அதைத் தோண்டிப் பார்க்க அதற்கு முந்தைய அ-பதிவேட்டையும் (சர்வே எண் வாரியாக நில விவரம் எழுதிய கிராமப் பதிவேடு) பழைய புலப்படத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். பட்டாவில் ஏர்ஸ், பத்திரத்தில் சென்ட், வீட்டு மனையில் சதுர அடி, எங்கள் பக்கம் டெல்டாவில் மா, குழி. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். குழி மட்டும் ஊருக்கு ஊர் மாறும். எங்கே போனாலும் "உங்க ஊர்ல ஒரு குழி எத்தனை அடி?" என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

கணக்கில் சுமார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். முக்கோணத்தின் மூன்று பக்கம் தெரிந்தால் பரப்பு, கோணமும் தூரமும் தெரிந்தால் புள்ளியின் இடம், இந்த இரண்டையும் கையால் போடப் பழகுங்கள். 60, 80, 100 மீட்டர் பக்கமுள்ள நிலம் 2,400 சதுர மீட்டர், 24 ஏர்ஸ், 59 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. இப்படி எந்த எண்ணைப் பார்த்தாலும் மனதில் ஓட்டிப் பாருங்கள். மென்பொருள் தப்பான விடை கொடுக்கும்போது "இது எங்கேயோ இடிக்குதே" என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். இந்த வேலைக்கு அந்தக் கணக்குப் போதும்.

கணக்கைவிட முக்கியம் சரிபார்க்கும் பழக்கம். இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். வெளிநாட்டில் ஒரு பாலம் கட்டும் வேலை. தூண்களுக்குப் பாயின்ட் வைத்துக்கொண்டிருந்தேன். டோட்டல் ஸ்டேஷன் அனுப்பும் ஒளியைத் திருப்பி அனுப்ப, புள்ளியின் மேல் ஒரு கம்பியில் பிடிக்கும் கண்ணாடிதான் பிரிசம். அதன் வகைக்கு ஏற்ற ஒரு திருத்த எண்ணை, மாறிலியை, கருவியில் கொடுக்க வேண்டும். முந்தின நாள் வேறு வகைப் பிரிசத்தை வைத்து வேலை செய்தவர் மாற்றியதை நான் பார்க்கவில்லை. எல்லாத் தூரமும் 30 மில்லிமீட்டர் தப்பு. பாயின்ட்டுகள் எல்லாம் கருவிக்கு ஒரே பக்கமாக இருந்ததால் எல்லாமே ஒரே திசையில் நகர்ந்தன. டேப் போட்டுப் பார்த்தபோது பாயின்ட்டுக்குப் பாயின்ட் தூரம் சரியாகவே வந்தது. நிம்மதியாக அறைக்குப் போய்விட்டேன். மறுநாள் எதிர்ப்பக்க நிலையத்திலிருந்து பார்த்தால் 6 சென்டிமீட்டர் வித்தியாசம். நல்லவேளை, கான்கிரீட் போடவில்லை. அன்று பேக் சைட் தூரத்தை, அதாவது இடம் ஏற்கெனவே தெரிந்த புள்ளிக்கான தூரத்தை, ஒரே ஒரு தடவை சரிபார்த்திருந்தால் அந்த 30 மில்லிமீட்டர் அங்கேயே தெரிந்திருக்கும். ஒரு நிமிஷ வேலை. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிலிருந்து இன்றுவரை, கருவியை நிறுத்தியதும் தெரிந்த ஒரு புள்ளியைப் பார்த்துத் தூரமும் கோணமும் சரிபார்க்காமல் முதல் பாயின்ட் வைத்ததில்லை.

லெவல் எடுக்கும்போதும் இப்படிச் சில நல்ல பழக்கங்கள் உண்டு. கருவியிலிருந்து பின் ஸ்டாஃபுக்கும் முன் ஸ்டாஃபுக்கும் (ஸ்டாஃப் என்பது அளவு எழுதிய கோல்) தூரம் சமமாக இருக்கும்படி நில்லுங்கள். கருவியின் பார்வைக்கோட்டில் சின்னச் சாய்வு இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அடித்துவிடும். மாதம் ஒருமுறையாவது இரண்டு முளை அடித்து நடுவில் ஒருமுறை, ஒரு முளைக்குப் பக்கத்தில் ஒருமுறை நிறுத்தி வித்தியாசம் பாருங்கள். உச்சி வெயிலில் நீளமான பார்வை எடுக்காதீர்கள், தரைச் சூட்டில் ஸ்டாஃப் எண்கள் அலையாடும். காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரை பதினொன்றுக்குள் முக்கியமான அளவுகளை முடிப்பது நல்லது. உடம்புக்கும் அதுதான் நல்லது.

கருவியை மரியாதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் மண்ணுக்கு அதில் ஒரு பழைய கதை உண்டு. வில்லியம் லாம்டன் 1802-ல் பரங்கிமலைப் பக்கம் முதல் அடிப்படைக் கோட்டை அளந்து, இந்தியாவையே முக்கோணங்களால் அளக்கும் வேலையைத் தொடங்கினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி அடிபட்டுவிட்டது. அவர் வேலையை விட்டுவிடவில்லை. பாகம் பாகமாகச் சரிசெய்து மறுபடியும் அளந்தார். தஞ்சாவூர் போகும்போதெல்லாம் அந்தக் கோயில் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறேன், எனக்கு அந்தக் கயிறுதான் ஞாபகம் வரும்.

சரி, எந்த வழியில் போவது?

அரசுப் பணி என்றால் நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறை. நில அளவர், வரைவாளர் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. 2022-ல் 1,089 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. நில அளவருக்கு அதில் அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்கியது. இப்போது தொழில்நுட்பப் பணிகளுக்கான ஒருங்கிணைந்த தேர்வோடு சேர்த்திருக்கிறார்கள். சிவில் டிப்ளமோ உங்களுக்குப் பொருந்தும் தகுதிதான். தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள், அதை லேசாக விடாதீர்கள். வேலை கிடைத்தால் உட்பிரிவு, எல்லை காட்டக் கேட்டு வரும் மனுக்கள், ஆக்கிரமிப்பு அளவை, நில எடுப்பு என்று முழுக்க முழுக்க எல்லை வேலை. பட்டாவில் உட்பிரிவு செய்வதும் எல்லையை அதிகாரபூர்வமாகக் காட்டுவதும் 1923-ஆம் வருட நில அளவை, எல்லைகள் சட்டத்தின்படி அரசு நில அளவரின் பொறுப்பு. என்னைப் போன்ற தனியார் ஆள் எத்தனை சரியாக அளந்தாலும் அது கட்சிக்காரரின் தகவலுக்குத்தான். மனு அதிகம், ஆள் குறைவு என்பதால் உரிமம் பெற்ற நில அளவர்களையும் துறை பயன்படுத்துகிறது. அவர்களுக்கு ஒரத்தநாட்டு நில அளவைப் பயிற்சி நிலையத்தில் பயிற்சி. அந்த அறிவிப்பு வந்தாலும் விண்ணப்பித்துவிடுங்கள்.

தனியார் வழி வேறு உலகம். சாலை, மெட்ரோ, மின்கோபுரப் பாதை, சோலார் பண்ணை, மனைப்பிரிவு, பெரிய கட்டடங்களுக்குத் தூண் பாயின்ட். கருவி சீக்கிரம் கைவரும், ஊர் ஊராகப் போகலாம், வளைகுடா நாடுகளில் அனுபவம் உள்ளவருக்கு மதிப்பு உண்டு. தொடக்கத்தில் சம்பளம் குறைவு, ப்ராஜெக்ட் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். மேலே படிக்க ஆசை இருந்தால் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் ஜியோ-இன்ஃபர்மேடிக்ஸ் (புவித் தகவலியல்) பட்டப்படிப்பு இருக்கிறது. அந்தக் கல்லூரியே 1794-ல் ஒரு சர்வே பள்ளியாகத் தொடங்கியதுதான்.

என் கருத்தைக் கேட்டால், இரண்டில் ஒன்று என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். வேலையை விட்டுவிட்டுத் தேர்வுக்கு மட்டும் உட்காரவும் வேண்டாம். அறிவிப்பு எப்போது வரும் என்று நம் கையில் இல்லை. உங்கள் தளத்துக்கு வரும் சர்வேயர் அண்ணனிடமே பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு போய்ப் பிரிசம் பிடியுங்கள், மூன்று மாதம். பிரிசம் பிடிப்பது எடுபிடி வேலை என்று நினைக்காதீர்கள். குமிழியை நடுவில் வைத்து அசையாமல் நிற்பது, எந்த இடத்தில் புள்ளி எடுத்தால் வடிவம் வரும் என்று காலாலேயே கண்டுபிடிப்பது, இதெல்லாம் கம்பி பிடித்த கைக்குத்தான் வரும். முசிறிப் பெரியவர் என்னை எட்டு மாதம் கருவியைத் தொட விடவில்லை. அப்போது வருத்தப்பட்டேன். இப்போது என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நானும் முதலில் கம்பியைத்தான் கொடுக்கிறேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் தேர்வுக்குப் படியுங்கள். தளத்தில் பார்த்தது தேர்வுத் தாளில் வரும்போது மறக்காது.

இனி அப்பா சொன்னது. அவர் சொன்ன எதுவும் பொய்யில்லை.

வெயில் உண்மை. தொப்பி, முழுக்கை சட்டை, கணுக்காலுக்கு மேல் வரும் ஷூ, குடிக்கத் தண்ணீர், பாம்புக்குப் பயந்து கையில் ஒரு கம்பு. பெண்களுக்குக் கூடுதலாக ஒன்று: கழிப்பறை இல்லாத இடத்தில் நாள் முழுக்க நிற்க வேண்டி வரும். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும். போகிற ஊரில் யார் வீட்டில் கேட்கலாம் என்று காலையிலேயே பேசி வைத்துவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். தனியாகப் போகாதீர்கள், உதவியாளோடு போங்கள், எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். இன்று தாலுகா அலுவலகங்களில் நில அளவராக நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். வயலில் அவர்களோடு நின்றிருக்கிறேன். அம்மா ஒருத்தர் அளக்க வந்தால் கத்திக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்துவதையும் பார்த்திருக்கிறேன், "பொம்பளைக்கு என்ன தெரியும்" என்று எகிறுவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகை ஆளுக்குப் புலப்படத்தை விரித்துக் காட்டி எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். எண் பேசும்போது அவர்களுக்கு வாதாட இடம் குறைவு.

ஊர்ச் சண்டையும் உண்மை. இரண்டு தரப்பும் இல்லாமல் எல்லை அளக்காதீர்கள். ஒரு தரப்பின் வீட்டில் காபி குடித்தால் மற்றவர் வீட்டிலும் குடியுங்கள், இல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் வேண்டாம். கல் எங்கே கிடைத்தது, எந்தக் கல் கிடைக்கவில்லை, எவ்வளவு வித்தியாசம் என்று அங்கேயே நோட்டில் எழுதி இரு தரப்புக்கும் காட்டுங்கள். வழக்கு ஆகிவிட்டால் நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பும், அவரோடு அளவர் போய் அளப்பார், அந்த வரைபடம் அறிக்கையோடு சேரும். நீங்கள் வயலில் எழுதிய குறிப்பு பத்து வருடம் கழித்துக்கூட யாராவது கையில் வரலாம். அப்படி நினைத்து எழுதுங்கள்.

லஞ்சத்தைப் பற்றி. நில அளவர் லஞ்சம் வாங்கிப் பிடிபட்டார் என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும். அரை சென்ட் நிலத்துக்காக ஆடு மாட்டை விற்றுக் கொண்டுவரும் காசு அது. அப்பாவின் பயம் நியாயம்தான், ஆனால் அந்தப் பேர் வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. நேர்மையாக ஓய்வுபெற்ற நில அளவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். முதல் தடவை மறுப்பதுதான் கஷ்டம். அவர் வாங்க மாட்டார் என்று அந்தக் குறுவட்டத்தில் தெரிந்துவிட்டால் பிறகு யாரும் கவரை நீட்டுவதில்லை. தனியாரிலும் இது உண்டு. "கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக் குடுங்க தம்பி" என்று மனை விற்கிறவர் கேட்பார். தள்ளிப் போட்ட கோட்டில் ஒரு வாத்தியார் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டுவார். கட்டணத்தை முதலிலேயே சொல்லி, ரசீது கொடுத்து வாங்குங்கள். தள்ளிப் போடச் சொன்னால் கருவியை மடக்கிப் பெட்டியில் வையுங்கள். நான் அப்படி இரண்டு பெரிய வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறேன். அந்த மாதங்கள் வீட்டில் கஷ்டமாகத்தான் இருந்தது. வருத்தமில்லை.

கடைசியாக, இந்த மாதமே செய்யக்கூடிய ஒரு வேலை. அரசின் இ-சேவைகள் இணையதளத்தில் உங்கள் குடும்ப நிலத்தின் பட்டாவையும் புலப்படத்தையும் இறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள சர்வே எண்களின் புலப்படங்களையும் எடுங்கள். வீட்டில் இருக்கும் பத்திரத்தின் நான்கெல்லையை அவற்றோடு ஒத்துப் பாருங்கள். அறுவடை முடிந்து வயல் காலியாக இருக்கும்போது ஒரு 30 மீட்டர் டேப், கடப்பாறை, கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்துக்கொண்டு காலை ஆறு மணிக்குப் போங்கள். எத்தனை கல் கிடைக்கிறது, எது படத்தோடு ஒத்துப்போகிறது, எது ஒத்துப்போகவில்லை என்று எழுதுங்கள். புதிதாகக் கல் நடவோ வரப்பைத் தொடவோ வேண்டாம், பார்த்து எழுதினால் போதும். பக்கத்து வயல்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துப் பதில் எழுதுகிறேன்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய கல் எங்கே இருந்தது என்று உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கவும் ஒரு ஆள் வேண்டும்.